அவர் பாட்டுக்கு

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் எனக்கு ஒரு வாசகர் இருக்கிறார். வயது ஐம்பதுக்கு மேல். முப்பது வயது வரையில் ஏரியில் இறால் வலை போட்டவர். அதன் பிறகு கண் நீர் அழுத்த நோயில் பார்வை முழுவதும் போய்விட்டது. இப்போது அறுந்த வலைகளைச் சீர் செய்து கொடுத்துப் பிழைக்கிறார். அவருடைய விரல்கள் போகிற வேகத்தைப் பார்த்தால், வலை முடைகிறவனுக்குக் கண் என்பது வேண்டாத அங்கமோ என்று கூடத் தோன்றும். அப்படித் தோன்றுவதை உடனே நம்பிவிடக் கூடாது என்பதையும் அவரிடமே கற்றுக்கொண்டேன்.

நான் குடியிருப்பது மீஞ்சூரில். மின்சார ரயிலில் பொன்னேரிக்குப் போய், அங்கே பஸ் பிடித்தால் பழவேற்காடு அதிக தூரமில்லை. பொன்னேரியில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர்தான் என்னை அங்கே அழைத்துப் போனார். "உங்கள் நாவலை ஒரு முறையல்ல, இரண்டு முறை படித்த மனிதர் ஒருவர் இருக்கிறார், வாருங்கள்" என்றார். எந்த எழுத்தாளன் இதைக் கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான்?

படித்தது அவர் அல்ல. அவருடைய தங்கை மகள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற பெண். சாயங்காலத்தில் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டுவாள். அன்றைக்கு அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நண்பர் டீ வாங்கி வரப் போன சமயம் பார்த்து, வலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அந்த மனிதர் கேட்டார்:

"சார், ஒரு சந்தேகம். பதினோராவது அத்தியாயத்துல அந்தக் குருட்டுக் கெழவன் திண்ணையில உக்காந்திருக்கான். பதிமூணாவதுல அந்த வீட்ல பதினாறாம் நாள் காரியம் நடக்குது. யாருக்குச் சார் பதினாறாம் நாள்?"

எனக்குப் புரிந்துவிட்டது. என் முதல் நாவலின் பன்னிரண்டாவது அத்தியாயத்தில் அந்தக் கிழவர் இறந்து போகிறார். திண்ணையில் சாய்ந்தபடியே உயிர் போய்விடுகிறது. தூங்குகிறார் என்று நினைத்து ஒரு பகல் முழுவதும் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. அதை எழுதியபோது எனக்கு வயது இருபத்தைந்து. வாசகர்களை அழ வைத்துவிட வேண்டும் என்ற வெறியோடு எழுதியது. கிழவர் தன் குருட்டு உடம்பைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்கிற வார்த்தைகளை இன்று படித்தால் எனக்கே கூசுகிறது. அந்தப் பெண் அத்தியாயத்தையே தாண்டிப் படித்திருக்கிறாள். மாமாவின் மனம் நோகுமே என்று ஒரு குழந்தை செய்த காரியம்.

"கிழவர்தான் இறந்துவிடுகிறார். வயதாகிவிட்டது, தூக்கத்திலேயே போய்விட்டார்" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில், நானும் அந்தப் பெண் செய்ததையே செய்தேன் என்று உறைத்தது. அவளாவது குழந்தை. நான் எழுதியவன். என் கதையை எதிரே உட்கார்ந்து கேட்கிற வாசகருக்கே நான் மாற்றிச் சொன்னேன். காரணம் கேட்டால் கருணை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பாப்பா மேல கோவம் இல்ல சார். பாசத்துல பண்ணுது. ஆனா எதக் கேட்டா நான் தாங்குவேன், எதத் தாங்க மாட்டேன்னு பாப்பாதான் முடிவு பண்ணுது."

இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை.

பிறர் படிக்கக் கேட்பது தாழ்வான காரியம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் குருடர், ஒருவர் முடவர் என்று இருந்த இரட்டைப் புலவர்களில், நடக்கிறவர் பார்க்கிறவரைத் தோளில் சுமந்தாராம். பாட்டிலும் ஆளுக்குப் பாதி. அந்தகக்கவி வீரராகவருக்கு முதுகில் எழுதிக் காட்டியே எழுத்துக் கற்பித்ததாகச் சொல்லுவார்கள். ஆர்ஜெண்டினாவில் போர்ஹே என்ற எழுத்தாளர் 1955-ஆம் வருஷம் தேசிய நூலகத்தின் தலைவராக நியமிக்கப்பட்டபோது அவருடைய பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. சுற்றிலும் லட்சக்கணக்கில் புத்தகங்கள். படித்துக் காட்ட மட்டும் ஆள் தேட வேண்டும். புத்தகக் கடையில் வேலை பார்த்த ஒரு பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அந்தப் பையன் பிற்காலத்தில் வாசிப்பைப் பற்றியே பெரிய புத்தகங்கள் எழுதிய ஆல்பெர்டோ மாங்குவெல். அந்த இரண்டு பேருக்கும் அது பாக்கியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் மில்டனின் பெண்களை நினைத்துக்கொள்கிறேன். பார்வை போன தகப்பனாருக்கு அவர்கள் தங்களுக்கு அர்த்தம் தெரியாத பாஷைகளில் எல்லாம் உரக்கப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. எத்தனை நாள் சலித்துக்கொண்டிருப்பார்கள்! அந்தச் சலிப்பைக் கேட்டுக்கொண்டே படிக்கச் சொல்லுகிறவர் நிலைமைதான் என்ன? இன்னொரு அத்தியாயம் கேட்கலாமா, போதுமா? இந்தப் பக்கத்தை மறுபடியும் படிக்கச் சொன்னால் முகம் கோணுமா? முகத்தையும் பார்க்க முடியாது. கண்ணுள்ள நாம் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடுகிறோம். நாம் எந்த வரியில் நின்றோம், எந்தப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகத் திரும்பப் படித்தோம், எங்கே அழுதோம் என்பது யாருக்கும் தெரியாது. நாவல் என்கிற சரக்கே அந்தத் தனிமைக்காக உண்டானது என்பது என் அபிப்பிராயம். பதினாறு வயதில் நான் படித்த சில புத்தகங்களை என் தங்கை படித்துக் காட்டித்தான் கேட்க வேண்டும் என்றிருந்தால், ஒன்றைக் கூடப் படித்திருக்க மாட்டேன். வாசகர்களில் பலரும் மனசுக்குள் ஒப்புக்கொள்வீர்கள்.

அன்றைக்கு என் குற்ற உணர்ச்சியை மறைக்க நான் ஒரு பெருமையை எடுத்து விட்டேன். "இனிமேல் உங்களுக்குக் கவலையில்லை. அந்தப் புத்தகத்தை ஒரு மின் நூலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டேன். இணையத்தில் இருக்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்."

"யார் வேணும்னாலுமா சார்?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே ஆசையோடு கேட்டார். பையிலிருந்து செல்போனை எடுத்தார். அதில் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வசதி இருந்தது. விரலை நகர்த்த நகர்த்த, ஒரு பெண் குரல் வேகமாகச் சொல்லிக்கொண்டே வந்தது. நூலகத்தின் தளத்தைத் திறந்தார். "பொத்தான்" என்றது குரல். அடுத்து, "பொத்தான்". அதற்கடுத்து, "பெயரிடப்படாத பொத்தான்". எது தேடுவது, எது திரும்பிப் போவது என்று பெயர் எழுதி வைக்க அதைச் செய்தவருக்குத் தோன்றவில்லை. கண்ணுள்ளவனுக்கு அங்கே பூதக்கண்ணாடிப் படம் தெரிகிறது. அதுவே போதும் என்று நினைத்துவிட்டார். நான் விரல் பிடித்துக் காட்ட, ஒரு வழியாகப் புத்தகம் திறந்தது. குரல், "படம்" என்றது. அடுத்த பக்கத்துக்குப் போனார். "படம்." அதற்கடுத்த பக்கமும் படம். இருநூற்று நாற்பது பக்கமும் அப்படித்தான்.

ஸ்கேன் செய்வது என்றால் பக்கத்தைப் போட்டோ பிடிப்பது, அவ்வளவுதான். கண்ணுக்கு அது எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது கறுப்பும் வெளுப்புமான புள்ளிகள். முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிகிற சோற்றைச் சாப்பிடச் சொன்ன மாதிரி. தானம் செய்துவிட்டேன் என்று மார் தட்டினேனே, அந்தத் தானத்தை வாங்கிக்கொள்ளக் கண் வேண்டும் என்பது எனக்கு அந்த நிமிஷம் வரையில் தெரியாது.

பாரிஸில் 1785-இல் வாலந்தைன் ஆவி என்ற நல்ல மனிதர் பார்வையற்ற குழந்தைகளுக்காகப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். சாதாரண எழுத்துகளையே காகிதத்தில் மேடாக எழும்பும்படி அச்சிட்டு, தடவிப் படிக்கச் செய்தார். நிச்சயம் பெரிய உபகாரம். ஆனால் அந்த எழுத்து பார்க்கிறவர் கண்ணுக்கு அழகான எழுத்து. வளைவும் நெளிவுமாகத் தடவுகிற விரலுக்குக் கஷ்டமான எழுத்து. அதில் பையன்கள் திக்கித் திக்கிப் படிக்கலாமே தவிர, தாங்களாக எழுத முடியாது. அதே பள்ளியில் படித்த லூயி பிரெய்ல், 1824-இல், பதினைந்தாவது வயதில், ஆறு புள்ளிகளை வைத்து வேறொரு முறை செய்தான். கண்ணுள்ளவனுக்கு அது வெறும் பரு. தயவு செய்கிறவர்களுக்குத் தங்கள் கண்ணுக்குப் பிடிக்காததை ஒப்புக்கொள்ள நாளாகிறது. பிரெய்ல் 1852-இல் இறந்த பிறகுதான் பிரான்ஸ் தேசம் அந்த முறையை முறைப்படி ஏற்றது. நம் நாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-இல் வந்தது. என் வலைக்கார நண்பருக்குப் பிரெய்ல் தெரியாது. முப்பது வயதுக்கு மேல், கயிறும் உப்புத் தண்ணீரும் காய்ப்பேற்றிய விரலை வைத்துக்கொண்டு அதைக் கற்பது எளிதல்ல. அவரைப் போன்றவர்களுக்குக் குரல்தான் கதி. அந்தக் குரலைக் கொண்டு வந்ததிலும் பார்வையற்றவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் தே என்ற இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் திரையைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற நிரலை உண்டாக்கி, யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ள விட்டார்கள். அதன் வேலை 2006-இல் தொடங்கியது. கம்ப்யூட்டரில் அது தமிழும் படிக்கிறது. ஆனால் படிப்பதற்கு எழுத்து இருக்க வேண்டுமே!

நூலகத் துறையில் வேலை பார்க்கிற ஒரு நண்பரிடம் இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டேன். அவர் கோபித்துக்கொண்டார். "ஐயா, நூறு வருஷத்துக் காகிதம் தொட்டால் பொடியாகிறது. கரையான் ஒரு பக்கம், மழை ஒரு பக்கம். முதலில் போட்டோவாவது பிடித்து வைக்கலாம் என்று நாங்கள் ஓடுகிறோம். நீங்கள் எழுத்தாகவே வேண்டும் என்கிறீர்கள். எத்தனை பேர் ஐயா கேட்கப் போகிறார்கள்?"

அவர் பேச்சின் முதல் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். எரிகிற வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்குகிறவனிடம் பூட்டுக்குச் சாவி எங்கே என்று கேட்பது நியாயமில்லை. வேலையும் லேசானதல்ல. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கிற இயந்திரங்கள் இப்போது நன்றாகவே தமிழ் படிக்கின்றன. ஆனால் மங்கிய பக்கத்தில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் விழிக்கும். மெய்யெழுத்தின் புள்ளி தேய்ந்திருந்தால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான புத்தகங்களில் யானைத் துதிக்கை போட்ட பழைய 'லை', 'ணை' இருக்கிறதே, அதைக் கண்டால் தடுமாறும். என் நாவல் 2004-இல் கம்ப்யூட்டரிலேயே அச்சுக் கோத்ததுதான். அந்தக் கோப்பு கிடைத்தால் போதும் என்று அலைந்து கண்டுபிடித்தேன். பாமினி என்ற அந்தக்கால எழுத்துருவில் இருந்தது. கண்ணுக்கு 'அம்மா' என்று தெரியும். குரலை விட்டுப் படிக்கச் சொன்னால், 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்கிறது! திரையில் தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது இன்னொன்று. இந்த விஷயத்தில் மனிதர்களைக் காட்டிலும் மோசம்.

ஆனால் "எத்தனை பேர் கேட்கப் போகிறார்கள்?" என்றாரே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் நாவலை எத்தனை பேர் படித்தார்கள் என்று கணக்குப் பார்த்துத்தானா நூலகத்தில் வைத்தார்கள்? பன்னிரண்டு வருஷம் யாரும் தொடாத புத்தகத்தையும் அடுக்கில் தூசி தட்டி வைக்கிறோமே, என்றாவது ஒருவன் வருவான் என்ற நம்பிக்கையில்தானே? அந்த ஒருவன் கண்ணுள்ளவனாக மட்டும் இருக்க வேண்டுமா? தவிர, அவசரத்துக்குப் போட்டோ பிடித்ததை யாரும் குறை சொல்லவில்லை. போட்டோ பிடித்ததோடு வேலை முடிந்தது என்று பலகை மாட்டி, "அனைவருக்கும்" என்று எழுதியதைத்தான் சொல்லுகிறேன். அந்தப் பலகையில் என் கையெழுத்தும் உண்டு.

மதுரைத் திட்டம் என்ற பெயரில் 1998 பொங்கலன்று சில தமிழர்கள், பல தேசங்களில் இருந்துகொண்டு, பழைய நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் போட ஆரம்பித்தார்கள். தமிழ் விக்கிமூலத்தில் ஒரு பக்கம் ஸ்கேன் செய்த படமும் மறு பக்கம் எழுத்துமாக வைத்து, யார் யாரோ முகம் தெரியாதவர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கிறார்கள். ஒருவர் பார்த்தால் மஞ்சள், இரண்டாமவரும் பார்த்தால் பச்சை. கூலி கிடையாது. இதையெல்லாம் கண்ணில்லாதவர்களை நினைத்து அவர்கள் தொடங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தேட வேண்டும், காப்பாற்ற வேண்டும் என்று செய்தது, கேட்கிறவர்களுக்கும் பயன்படுகிறது.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மை விட முன்னால் போய்விட்டது. பார்வையற்றவர்களும் மற்ற ஊனமுள்ளவர்களும் பயன்படுத்தும்படி ஒரு நூலை மாற்றிக் கொடுக்க, லாப நோக்கமில்லாதவரையில், ஆசிரியரின் அனுமதி தேவையில்லை என்று 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். என் வீட்டுக்குள் என்னைக் கேட்காமல் நுழைகிறார்களே என்று அப்போது எனக்குச் சற்றுக் கோபம் கூட வந்தது. எழுத்தாளனுக்கு அகங்காரம் கொஞ்சம் உண்டு. 2013-இல் மொராக்கோ நாட்டு மராக்கேஷ் நகரில் இதே காரியத்துக்காகத் தேசங்கள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. அதை 2014-இல் முதன்முதலாக உறுதி செய்த தேசம் இந்தியா. 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இணைய வசதிகள் எட்டும்படி இருப்பது வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்குக்கு வந்தவர்களில் அமிலம் வீசப்பட்டு முகம் வெந்தவர்கள் இருந்தார்கள். கணக்குத் திறக்க, உயிரோடிருப்பதற்கு அடையாளமாகக் கண்ணைச் சிமிட்டுங்கள் என்றதாம் இயந்திரம். சிமிட்ட இமை இருந்தால்தானே!

உரிமை என்ற சொல்லை மேடைகளில் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. என் நண்பர் அதை வேறு விதமாகச் சொன்னார். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. இறால் கிடைக்கிற நல்ல இடங்களை எல்லோரும் ஒரே நாளில் போய் அடித்துக்கொள்ளாமல், சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுகிற வழக்கம். இன்றைக்கு இந்த இடம் இவனுக்கு, நாளைக்கு இன்னொருவனுக்கு. "பக்கத்து வீட்டுக்காரன் ரெண்டு இறால் குடுத்தா வாங்கிக்குவேன் சார், கும்பிடுவேன். ஆனா பாட்டுல என் முறைன்னு வந்தா யாரையும் கும்பிட வேணாம். அது என்னுது" என்றார்.

தமிழில் இந்தப் 'பாடு' என்ற சொல்லைப் பாருங்கள். படுகிற கஷ்டமும் பாடுதான். ஒருவனுக்குச் சேர வேண்டிய பங்கும் பாடுதான். "அவர் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார், தொந்தரவு பண்ணாதே" என்று வீட்டில் குழந்தைகளை அதட்டுகிறோமே, அந்தப் 'பாட்டுக்கு'க்கும் ஏரிப் பாட்டுக்கும் மொழி நூல்படி உறவு உண்டோ இல்லையோ, எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது. பாட்டையும் நான் பொன்னாக்கிக் காட்ட விரும்பவில்லை. அதிலே பெயருள்ளவனுக்குத்தான் முறை. அந்தக் குப்பங்களில், அந்தக் குலத்தில், ஆணாகப் பிறக்காதவர்கள் எத்தனை தலைமுறையாக ஏரியை நம்பியிருந்தாலும் கரையில்தான் நிற்க வேண்டும். இணையத் தளத்தைச் செய்கிறவரும் மனசுக்குள் வாசகர் பட்டியல் ஒன்று போட்டுக்கொண்டுதான் செய்கிறார். அதில் கண் தெரியாதவர் பெயரும், கை நடுங்குகிறவர் பெயரும், சின்ன எழுத்தைப் பெரிதாக்கினால்தான் படிக்க முடிகிற கிழவியின் பெயரும் விட்டுப் போகிறது. யாரும் வேண்டுமென்று விடுவதில்லை. நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான். பாட்டில் பெயர் விட்டுப் போனவனுக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டா?

நாவலை மறுபடியும் எழுத்தாக்கினோம். பாமினியை மாற்றுகிற நிரல் ஒன்று கிடைத்தது. மாற்றிய பிறகும் பக்கத்துக்குப் பத்துப் பிழை இருந்தது. நான் பாதி, அந்தப் பெண் பாதி மெய்ப்புப் பார்த்தோம். அவள் பங்கில் பன்னிரண்டாவது அத்தியாயமும் வந்தது. நான் வேண்டுமென்று கொடுக்கவில்லை, வரிசையில் வந்துவிட்டது. திருத்தி அனுப்பிய தாள்களோடு ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தாள்: "மாமா இதைப் படிக்கத்தான் வேண்டுமா சார்?"

என்ன பதில் எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். "அதை மாமாவிடமே கேள், அம்மா" என்று எழுதினேன். கேட்டாளா என்று எனக்குத் தெரியாது.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து டெலிபோன் வந்தது. ராத்திரியில், எல்லோரும் தூங்கின பிறகு, காதில் மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டாராம். பன்னிரண்டாவது அத்தியாயத்தை மட்டும் மூன்று தரம். எனக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது.

"தப்பா எழுதியிருக்கீங்க சார்" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவர் விடவில்லை. "குருடன் திண்ணையில பகல் பூரா பேசாம உக்கார மாட்டான் சார். காலடிச் சத்தம் கேட்டா, 'யாரு, சின்னவளா? எங்க போற?'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். இல்லாட்டி வீட்ல என்ன நடக்குதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் கேக்கறத நிறுத்தினா அரை மணியில வீட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும்."

"அந்த வீட்டில் அவரை யாரும் மதிப்பதில்லை, அதனால்தான் கவனிக்கவில்லை" என்று என் கதைக்காக வாதாடினேன்.

"மதிக்க வேணாம் சார். தொந்தரவு நின்னுபோச்சுன்னு கூடவா தெரியாது?"

அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுத மூன்று முறை உட்கார்ந்து, மூன்று முறையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.